பிரெஞ்ச் ஓபன் இறுதிப்போட்டிகள்: ரசிகர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் பாரிஸில் கடைசிப் பந்து அடித்து முடிந்ததும் டென்னிஸ் ரசிகர்கள் நடுவே அதே கேள்விகள்தான் சுற்றி வருகின்றன. புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் கேட்பது ஒரு வகை. பல வருடமாகப் பார்த்தும் இன்னும் சண்டை ஓயாதவர்கள் கேட்பது இன்னொரு வகை. இரண்டையும் கலந்தே இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றிலும் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

2025 ஆண்கள் இறுதிதான் பிரெஞ்ச் ஓபன் வரலாற்றிலேயே சிறந்ததா?

என் பதில்: ஆமாம். "நேற்றுப் பார்த்ததைத்தான் எல்லோரும் சிறந்தது என்பார்கள்" என்று பழைய ரசிகர்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் இந்தப் போட்டியை அந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது.

ஜூன் 8, 2025. கார்லோஸ் அல்கராஸ் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்று யானிக் சின்னரை வென்றார். 5 மணி 29 நிமிடம். அதற்கு முன் பாரிஸில் மிக நீண்ட இறுதி 1982-இல் வில்லாண்டர், வீலாஸ் ஆடியது: 4 மணி 42 நிமிடம். நீளம் மட்டும் போதாது என்பது உண்மை. அந்த 1982 இறுதியை உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள், எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள் என்று சொல்வார்கள். 2025-இல் அப்படி இல்லை. அந்த இருவரும் பந்தை அடித்த வேகம் ஐந்தாவது மணி நேரத்திலும் குறையவில்லை.

நான்காவது செட்டில்தான் எல்லாம் இருக்கிறது. சின்னர் 5-3 முன்னிலை. சர்வ் (பாயிண்டைத் தொடங்கும் முதல் அடி) அல்கராஸுடையது, ஸ்கோர் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது அவற்றில் ஒன்றை எடுத்தாலே கோப்பை சின்னருக்கு. அடுத்தடுத்து மூன்றையும் காப்பாற்றி அந்த கேமையும் எடுத்தார் அல்கராஸ். அதோடு முடியவில்லை. அடுத்த கேமில் சின்னர் சர்வ் செய்து கோப்பையை முடித்திருக்க வேண்டும். அதையும் பிரேக் செய்து, அதாவது எதிராளியின் சர்வ் கேமைப் பறித்து, 6-6-இல் செட்டை முடிவு செய்யும் டை-பிரேக்கை 7-3 என்று எடுத்து, செட் கணக்கை 2-2 என்று சமன் செய்தார்.

பலர் மறந்துபோகும் பகுதி ஐந்தாவது செட். அங்கே தலைகீழ். 5-4 என்று போட்டியை முடிக்க அல்கராஸ் சர்வ் செய்தார், இப்போது பிரேக் செய்தது சின்னர். அடுத்து சின்னர் 6-5 முன்னிலைக்குப் போய், வெற்றிக்கு இரண்டே பாயிண்ட் தூரத்தில் நின்றார். பிறகு வந்த பத்து பாயிண்ட் டை-பிரேக்கில் அல்கராஸ் 7-0 என்று ஓடிவிட்டார், 10-2 என்று முடித்தார். இரண்டு செட் பின்தங்கி அவர் வென்ற முதல் போட்டியே இதுதான்.

சின்னர்தான் அதிக பாயிண்ட் எடுத்தார் என்கிறார்களே?

ஆமாம், 193-க்கு 192. டென்னிஸில் மொத்தப் பாயிண்டுக்கு மதிப்பு கிடையாது, எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதற்குத்தான். இதை வைத்து "உண்மையில் சின்னர்தான் ஜெயித்தார்" என்று வாதாடுபவர்களுக்கு ஒரே பதில்: அந்த மூன்றில் ஒன்றை எடுத்திருக்கலாமே.

சின்னர் ரசிகர்கள் ரொம்ப நாள் வாட வேண்டியிருக்கவில்லை. ஐந்து வாரத்தில், ஜூலை 13 அன்று, விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை நான்கு செட்டில் தோற்கடித்தார். முதல் செட்டை இழந்த பிறகு.

இரண்டு செட் முன்னிலை எடுத்தவர்கள் பாரிஸில் மட்டும் ஏன் இப்படித் தோற்கிறார்கள்?

இது வெறும் பிரமை இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் என்ற நான்கு பெரிய போட்டிகள்) கதவு திறந்த 1968-இலிருந்து 2025 பிரெஞ்ச் ஓபன் வரை, ஆண்கள் இறுதியில் 0-2 என்று பின்தங்கி வென்றது ஒன்பது முறை. அதில் ஆறு பாரிஸில். ஆஸ்திரேலியாவில் இரண்டு, நியூயார்க்கில் ஒன்று. விம்பிள்டனில் ஒன்றுகூட இல்லை.

அந்த ஆறு:

1974-இல் பதினெட்டு வயது பியோர்ன் போர்க். மனுவேல் ஒரான்டெஸிடம் இரண்டு செட் இழந்த பிறகு 6-0, 6-1, 6-1. அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம்.

1984-இல் இவான் லெண்டில், எதிரே ஜான் மெக்கன்ரோ. அந்த வருடம் அதுவரை 42 போட்டியில் ஒன்றுகூடத் தோற்காமல் வந்திருந்தார் மெக்கன்ரோ. 6-3, 6-2 முன்னிலை. மூன்றாவது செட்டின் ஆரம்பத்தில் கோர்ட் ஓரத்தில் இருந்த கேமராக்காரரின் ஹெட்போனில் ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. மெக்கன்ரோ போய் அந்த ஹெட்போனைப் பிடித்து அதற்குள்ளேயே கத்தினார். அதன்பின் கோபம் ஏறியது, ஆட்டம் இறங்கியது. லெண்டில் 6-4, 7-5, 7-5. மெக்கன்ரோ அந்த வருடம் விம்பிள்டனும் யூஎஸ் ஓபனும் வென்றார். பிரெஞ்ச் ஓபன் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

1999-இல் ஆந்த்ரே அகாசி, உக்ரைனின் ஆந்த்ரே மெத்வதேவிடம் 1-6, 2-6. அங்கிருந்து எழுந்து வென்றதும் நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் அவர் கைவசம்.

2004 இந்தப் பட்டியலிலேயே வலி அதிகம். இரண்டு அர்ஜென்டினாக்காரர்கள். கிலெர்மோ கோரியா 6-0, 6-3 முன்னிலை. எதிரே நின்ற கஸ்தோன் கவுடியோ தரவரிசைப்படி முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் சீட் கூடப் பெறாதவர். பிறகு கோரியாவின் காலில் தசைப்பிடிப்பு. நான்காவது செட்டில் நகரவே முடியவில்லை, 6-1 என்று விட்டார். அப்படியும் ஐந்தாவது செட்டில் மீண்டு வந்து 6-5 முன்னிலையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் பெற்றார். இரண்டிலும் பந்து கோட்டுக்கு வெளியே போனது. கவுடியோ 8-6. கோரியா அதற்குப் பிறகு எந்த கிராண்ட்ஸ்லாம் இறுதியையும் எட்டவில்லை.

2021-இல் ஜோகோவிச், சிட்சிபாஸுக்கு எதிராக. 2025-இல் அல்கராஸ்.

காரணம் என்ன? விம்பிள்டன் போன்ற புல் தரையில் நன்றாக சர்வ் செய்பவர், ஆடும் தெம்பு குறைந்தாலும், தன் சர்வ் கேம்களை ஓட்டிவிடலாம். இரண்டு செட் கையில் இருந்தால் ஒரு டை-பிரேக் போதும், கோப்பை வந்துவிடும். பாரிஸின் களிமண் தரையில் அந்தக் குறுக்குவழி அடைபட்டிருக்கிறது. பந்து தரையில் பட்டதும் வேகம் குறைந்து உயரே எழும்புகிறது, நல்ல சர்வ் கூடத் திரும்பி வருகிறது. முன்னிலையில் இருப்பவர் கடைசிப் பாயிண்ட் வரை ஓடித்தான் சம்பாதிக்க வேண்டும். முதல் இரண்டு செட்டில் முழுச் சக்தியையும் கொட்டியவருக்கு மூன்றாவது மணி நேரத்தில் கால் கனக்கும். பின்தங்கியவருக்கோ எதிராளியின் சர்வ் கேமில் நுழைய எப்போதும் ஒரு வாசல் திறந்தே இருக்கும். மனது பாதி என்றால், மீதிப் பாதி இந்தத் தரை.

2012 இறுதியையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நடால் இரண்டு செட் முன்னிலை. மழைத் தூறலில் பந்தும் தரையும் நனைந்து கனத்ததும் ஜோகோவிச் வரிசையாக எட்டு கேம்களை எடுத்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டுத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. மறுநாள் தரை காய்ந்திருந்தது, நடால் நான்காவது செட்டை 7-5 என்று முடித்தார். ஞாயிறு மாலையே தொடர்ந்து ஆடியிருந்தால் மேலே சொன்ன ஆறு ஏழாகியிருக்குமோ என்று இன்றும் ஜோகோவிச் ரசிகர்கள் கேட்பார்கள். 2020-இலிருந்து அந்த மைதானத்துக்கு மூடும் கூரை வந்துவிட்டதால் இந்த விவாதம் புதிதாகப் பிறக்க வழியில்லை.

அது உண்மையிலேயே களிமண்ணா?

மேலே தெரிவது செங்கல் தூள். அதுவும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அதன் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொடி கெட்டித்த அடுக்கு, அதற்கும் கீழே நிலக்கரிச் சாம்பல் கட்டி, பிறகு சரளைக்கல். பந்து எழும்புவதை முடிவு செய்வது சுண்ணாம்பு அடுக்கு. வழுக்கிக்கொண்டு போய் அடிக்க உதவுவது செங்கல் தூள். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், காய்ந்தால் காற்றில் பறந்துவிடும்.

மற்ற கிராண்ட்ஸ்லாம்களில் கேமராவே கோட்டைப் பார்க்கிறது. இங்கே மட்டும் நடுவர் ஏன் இறங்கி வந்து தரையைப் பார்க்கிறார்?

பந்து விழுந்த தடம் செங்கல் தூளில் பதிந்துவிடுகிறது, அதையே சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். 2025-இல் லைன் நடுவர்களை வைத்திருந்த ஒரே கிராண்ட்ஸ்லாம் பிரெஞ்ச் ஓபன்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை.

எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். 2024 இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது செட், அல்கராஸ் 2-1. அவருடைய சர்வில் ஸ்வெரேவுக்கு பிரேக் பாயிண்ட். இரண்டாவது சர்வ் வெளியே என்று லைன் நடுவர் கை நீட்டினார். அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் பாயிண்டும் கேமும் ஸ்வெரேவுக்கு, 2-2. நடுவர் இறங்கிவந்து தடத்தைப் பார்த்து, உள்ளேதான் என்று மாற்றினார். தொலைக்காட்சியில் காட்டிய கணினிப் படம் பந்து மயிரிழை வெளியே என்றது. அந்த கேம் அல்கராஸுக்குப் போனது, செட் 6-2 என்று முடிந்தது. ஸ்வெரேவ் அதற்கு முன்பே நான்காவது செட்டை 6-1 என்று இழந்திருந்தார், அந்த ஒரு தீர்ப்பால் மட்டும் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணெதிரே இரண்டு வேறு பதில்கள் தெரியும்போது ரசிகர்களுக்கு மனசு ஆறாது.

தடத்தால் வந்த பெரிய சண்டை என்றால் 1999 பெண்கள் இறுதி. மார்ட்டினா ஹிங்கிஸுக்கு வயது 18. ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக ஒரு செட் முன்னிலை, இரண்டாவது செட்டில் 2-0. அவர் அடித்த பந்து ஒன்று வெளியே என்று அழைக்கப்பட்டது. ஹிங்கிஸ் வலையைச் சுற்றி நடந்து கிராஃபின் பக்கத்துக்கே போய், இதோ தடம் என்று விரலை வைத்துக் காட்டினார். எதிராளியின் பக்கம் போவது விதிப்படி கூடாது. ஒரு பாயிண்ட் அபராதம். அந்த நொடியிலிருந்து கூட்டம் முழுக்க அவருக்கு எதிராகத் திரும்பியது. இரண்டாவது செட்டில் 5-4 என்று போட்டியை முடிக்க சர்வ் செய்தார், முடியவில்லை. கடைசியில் தோல்வியின் விளிம்பில் கைக்குக் கீழிருந்து சர்வ் செய்தபோது ஊளைச்சத்தம் காதைப் பிளந்தது. 4-6, 7-5, 6-2. அழுதுகொண்டே உள்ளே போனவரை அம்மா தோளில் அணைத்துப் பரிசளிப்புக்குக் கூட்டி வந்தார். பிரெஞ்ச் ஓபன் ஒற்றையர் பட்டம் ஹிங்கிஸுக்குக் கிடைக்கவே இல்லை. கிராஃபுக்கு அது கடைசி கிராண்ட்ஸ்லாம்.

நடால் 14 முறை வென்றார். அவருடைய இறுதிகளில் சிறந்தது எது?

சங்கடமான கேள்வி. அவர் ஆடிய 14 இறுதியிலும் வென்றார். ஒன்றுகூட ஐந்தாவது செட்டுக்குப் போகவில்லை. ஃபெடரருக்கு எதிரான 2008 இறுதி 6-1, 6-3, 6-0. ஜோகோவிச்சுக்கு எதிரான 2020 இறுதி 6-0, 6-2, 7-5. நடால் ரசிகனுக்கு அமிர்தம், மற்றவர்களுக்கு ஒன்றரை செட்டில் கதை முடிந்துவிடும்.

இடது கையால் அவர் சுழற்றி அடிக்கும் ஃபோர்ஹேண்ட் வலது கைக்காரரின் இடப்பக்கம், அதாவது பேக்ஹேண்டுக்குப் போய், தோள் உயரத்துக்கு எழும்பும். ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் ஆடிய ஃபெடரருக்கு அது தீராத தலைவலி. இறுதி நடக்கும் பிலிப் ஷாட்ரியே மைதானத்தில் பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோட்டுக்கு) அப்பால் இடமும் தாராளம். நடால் எவ்வளவு பின்னால் நின்று சர்வை எடுத்தாலும் சுவர் இடிக்காது.

அவர் பாரிஸில் ஆடியதிலேயே சிறந்தது 2013 அரையிறுதி என்பேன், ஜோகோவிச்சுக்கு எதிராக, ஐந்தாவது செட் 9-7. இறுதிப்போட்டி அதற்குப் பிறகு வெறும் சம்பிரதாயமாகிவிட்டது. மொத்தக் கணக்கு 112 வெற்றி, 4 தோல்வி. அந்த நான்கில் எதுவும் இறுதியில் இல்லை: 2009-இல் சோடர்லிங், 2015-இலும் 2021-இலும் ஜோகோவிச், 2024 முதல் சுற்றில் ஸ்வெரேவ்.

பெண்கள் இறுதி பெரும்பாலும் ஒருதலைப்பட்சம் என்கிறார்கள். உண்மையா?

சில வருடங்களில் உண்மை. 1988-இல் கிராஃப் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் முடித்துவிட்டார். 2024-இல் ஸ்வியாடெக், பாவோலினியை 6-2, 6-1. ஆனால் இதைச் சொல்பவர்கள் நடாலின் இறுதிகளை மட்டும் "ஆதிக்கம்" என்று பாராட்டுவார்கள். அங்கேதான் எனக்கு எரிச்சல்.

1992-இல் செலெஸ், கிராஃபை மூன்றாவது செட்டில் 10-8 என்று வென்றார். 2017-இல் சீட் பெறாத ஒஸ்டாபென்கோ ஒரு செட்டும் 0-3-மாகப் பின்தங்கியிருந்து ஹாலெப்பை மடக்கினார். அடுத்த வருடமே ஹாலெப் ஒரு செட் இழந்த பிறகு ஸ்டீஃபன்ஸை வென்று கோப்பையை எடுத்தார். அந்த வெற்றிக்குச் சந்தோஷப்படாத டென்னிஸ் ரசிகரை நான் பார்த்ததில்லை.

2025 இறுதி அழகான ஆட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காற்று பலமாக வீசியது, பந்து போன போக்கில் போனது. சபலென்கா தானாகச் செய்த தவறுகள் 70. கோகோ காஃப் முதல் செட்டை டை-பிரேக்கில் இழந்தும் பதறவில்லை. கோட்டை ஒட்டி அடிக்க ஆசைப்படாமல், எதிராளிக்கு இன்னொரு பந்து, இன்னொரு பந்து என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். 6-7, 6-2, 6-4. மூன்று வருடம் முன்பு இதே மைதானத்தில் ஸ்வியாடெக்கிடம் இறுதியில் தோற்று அழுதவர் அவர். தன் தவறுகளால்தான் காஃப் வென்றார் என்ற பொருளில் சபலென்கா உடனே பேசியது பலருக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் பேசியது முறையல்ல என்று பிறகு அவரே ஏற்றுக்கொண்டார். காற்றிலும் ஜெயிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாவது செட்டில் டை-பிரேக் வந்தது நல்லதா?

2022-இல்தான் நான்கு கிராண்ட்ஸ்லாமுக்கும் 6-6 ஆனால் பத்து பாயிண்ட் டை-பிரேக் என்று ஒரே விதி வந்தது. கவுடியோவின் 8-6 இனி சாத்தியமில்லை. எனக்கு வருத்தம்தான். சின்னரும் அல்கராஸும் 9-9 வரை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். மறுபுறம், ஐந்தரை மணி நேரம் ஓடியவர்களை இன்னும் ஓடு என்று சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு கேட்பது எளிது.

சொந்த ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் ஜெயிப்பதில்லை?

ஆண்களில் கடைசி 1983, யானிக் நோவா. பெண்களில் 2000, மேரி பியர்ஸ். காரணம் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

இந்தியர்கள் யாராவது?

ஒற்றையர் இறுதியில் இல்லை. இரட்டையரில் உண்டு. 1997-இல் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். சிறுவர் பிரிவை விட்டுவிட்டால், இந்தியர் ஒருவர் வென்ற முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டமே அதுதான். பிறகு 1999-இலும் 2001-இலும் லியாண்டர் பயஸுடன் ஆண்கள் இரட்டையர். 2012-இல் சானியா மிர்சாவுடன் மீண்டும் கலப்பு இரட்டையர். 2017-இல் ரோஹன் போபண்ணாவும் கலப்பு இரட்டையரில் வென்றார்.

பலருக்குத் தெரியாதது: 1979-இல் சிறுவர் ஒற்றையர் பட்டம் ரமேஷ் கிருஷ்ணனுடையது. அதே வருடம் விம்பிள்டன் சிறுவர் பட்டமும் அவருக்கே. சர்வில் பலம் இல்லாமல், பந்தை வருடி வருடி இடம் பார்த்து வைப்பவர்.

முதல்முறையாக இறுதியைப் பார்க்கப் போகிறேன். எத்தனை மணிக்கு, எதைக் கவனிப்பது?

பெண்கள் இறுதி சனிக்கிழமை, ஆண்கள் இறுதி ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாகப் பாரிஸ் நேரம் பிற்பகல் 3 மணி. இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 6.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 9. 2025 ஆண்கள் இறுதி முடிந்தபோது நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் முன்யோசனையோடு இருங்கள்.

பந்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் சர்வை வாங்குபவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மூன்று நான்கு மீட்டர் பின்னால் நின்றவர் திடீரென்று முன்னே வந்தால் ஏதோ மாற்றப் போகிறார் என்று அர்த்தம். அவர் பின்னாலேயே நின்றால் எதிராளி டிராப் ஷாட் போடுவார், வலைக்குப் பக்கத்தில் பந்து செத்து விழும். முதல் செட்டில் அந்தப் பந்தை ஓடிப்போய் எடுத்தவர் நான்காவது செட்டில் ஓடாமல் நின்று பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். ஸ்கோர் சொல்வதற்குக் கால் மணி நேரம் முன்பே அது சொல்லிவிடும்.